தண்ணீர் கேட்காத காட்டன் கிரீன்

நான் கத்திய கத்தலில் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் போய்விட்டன.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை. பம்பாயில் செம்பூரைத் தாண்டி இருந்த எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கொட்டகை. உள்ளே பதினான்கு தொட்டிகளில் நெல். கதிர் வெளிவரும் சமயம் பார்த்துத் தண்ணீரை நிறுத்தி இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த மண்ணும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் தார்ப்பாய்க் கடையைத் தாண்டிப் போனால் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும். பதிமூன்று தொட்டிகளில் பயிர் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, அல்லது வருவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் திலக் நகர் என்று கூப்பிடும் பதினொன்றாவது தொட்டி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

“ஜெபமணி அக்கா! ஓடி வாங்க! திலக் நகரைப் பாருங்க!”

கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜெபமணி அக்கா துடைப்பத்தோடு வந்தார். பார்த்தார். “ஆமா டீச்சர், நல்லாத்தான் நிக்கி” என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கப் போய்விட்டார்.

இத்தனை நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு நெல் இப்படி நிற்கிறது, இந்த அம்மாளுக்கு ஒரு சந்தோஷம்கூட இல்லையே என்று எனக்குக் கோபம்தான். ஆனால் கோபப்பட நேரமில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குனிந்து பார்த்தேன். போட்டோ எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். மூன்று வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கிடைத்துத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த தொட்டியில் இல்லை, அவ்வளவுதான்.

பம்பாயில் ஏதம்மா வறட்சி?

மானாவாரி நெல் வேலையில் நான் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு முலுண்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஜூலை வந்தால் தண்டவாளம் முழுகிப் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வறட்சி ஆராய்ச்சியா?

நியாயமான கேள்வி. மானாவாரி நிலத்துக்கு வாய்க்காலும் கிடையாது, கிணறும் கிடையாது. மேலே இருந்து விழுவதுதான் தண்ணீர். அது சரியான நாளில் விழாமல், கதிர் வெளிவரும் வாரம் பார்த்துக் காலை வாரிவிட்டால் அந்த வருடம் வைக்கோல்தான் மிச்சம். அந்த வாரத்தையும் தாங்கி, நாலு நெல்மணியாவது கொடுக்கிற ரகம் எது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அதற்கு வறட்சி வேண்டும். நாள் குறித்து, அளந்து, நாங்களே உண்டாக்குகிற வறட்சி. நிஜமான வயலில் நாம் தண்ணீரை நிறுத்தியிருக்கும்போது திடீரென்று ஒரு மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கொட்டகைக்குள் அந்தப் பயம் இல்லை.

மழையை உள்ளே விடாமல் கூரை போடுவதில் தாராவிக்காரர்களை அடிக்க இந்தத் தேசத்தில் ஆள் கிடையாது. வருடா வருடம் மே மாதம் பழகுகிற வேலை. எங்கள் கொட்டகையைக் கட்டியவர்கள் தாராவி ஆட்கள்தான். தொட்டிகளும் அங்கிருந்துதான் வந்தன. நீல நிற டிரம்களை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அறுத்துக் கொடுத்தவர் தங்கராசு. டெம்போவில் கூடவே வந்தவர் அவர் மனைவி ஜெபமணி. சொந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம். தொட்டிகளை இறக்கிவிட்டு டெம்போ திரும்பியது. மண் நிரப்ப ஆள் வேண்டும் என்றோம், ஜெபமணி அக்கா நின்றுவிட்டார். அப்படியே மூன்று வருடம்.

ஒரு ரகத்துக்கு மூன்று தொட்டியாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. எங்களுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு ரகத்துக்கு ஒரு தொட்டிதான் வைக்க முடிந்தது. மனிதர்களே பத்துக்குப் பத்தில் படுத்து எழுந்திருக்கும் ஊரில் நெல்லுக்கு மட்டும் மூன்று வீடு யார் கொடுப்பார்கள்?

மஸ்ஜித் முதல் மான்குர்த் வரை

ஒவ்வொரு ரகத்துக்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. அட்டையில் எழுதித் தொட்டியில் செருகியிருப்போம். ஜெபமணி அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான். “இதுல எதைக் களை எடுக்கணும்னு சொல்லுதியன்னே எனக்கு வெளங்கலையே டீச்சர்” என்று முதல் வாரமே முறையிட்டார். நோட்டும் பேனாவுமாக அலைகிற பெண்கள் எல்லாருமே அவருக்கு டீச்சர்தான்.

வழியையும் அவரே கண்டுபிடித்தார். தினமும் ரயிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிப் போன ஹார்பர் லைன் ஸ்டேஷன்களை வரிசையாகத் தொட்டிகளுக்கு வைத்துவிட்டார். கதவோரத்துத் தொட்டி மஸ்ஜித். அடுத்தது சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. பிறகு டாக்யார்ட், ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி, வடாலா, இப்படியே போய்க் கடைசித் தொட்டி மான்குர்த். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. ஒரு மாதத்தில் எங்கள் தலைமை விஞ்ஞானி சாவந்த் சாரே, “கோவண்டிக்குப் பூச்சி மருந்து அடித்தாயிற்றா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சாவந்த் சார் கொங்கண் பக்கத்து மராத்தியர். சிரிக்க மாட்டார். சிரிக்காமலே அதைக் கேட்டார்.

இந்தப் பதினான்கும் சும்மா வந்து சேரவில்லை. ராமநாதபுரத்து மேட்டு நிலங்களில் நெடுங்காலமாக விதைத்து வரும் ஒரு சிவப்பு நெல் உண்டு. வறட்சியைத் தாங்கும், ஆனால் சொற்பமாகத்தான் விளையும், காற்றடித்தால் படுத்துவிடும். இன்னொரு பக்கம் அமோகமாக விளைகிற குட்டை நெல். தண்ணீர் நாலு நாள் பிந்தினால் கோபித்துக்கொள்ளும். இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தோம். குட்டை நெல்லின் பூவில் உமியின் நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, எண்ணெய்த் தாள் உறை மாட்டி, மறுநாள் சிவப்பு நெல்லின் கதிரைக் கொண்டுவந்து அதன் மேல் உதறுவோம். மூச்சை வேகமாக விட்டால்கூடக் காரியம் கெட்டுவிடும். அதில் பிறந்த பிள்ளைகள், அவற்றின் பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று வருடக்கணக்காக வளர்த்து, நூற்றுக்கணக்கானதில் கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றவைதான் இந்தப் பதினான்கும்.

இவ்வளவும் செய்த நான், இருபத்திரண்டு வயது வரை நெல் வயலை நேரில் பார்த்தது கிடையாது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு நெல் என்றால் மார்க்கெட்டில் மூட்டையாக இருக்கும் அரிசிதான். என் அம்மாவுக்குக் கடைசி வரை என் உத்தியோகத்தின் மேல் மரியாதை வரவில்லை. “அரிசி ஆராய்ச்சிங்கறே, ஆத்துக்கு வாங்கிண்டு வர அரிசி மட்டும் குழைஞ்சு போறதே, அது ஏண்டி?” என்பாள்.

முனியசாமி அண்ணன் சொன்னது

எங்கள் கொட்டகையில் ஜெயிப்பது பாதிக் கிணறுதான். நிஜமான மானாவாரி மண்ணில், நிஜமான வானத்துக்குக் கீழே நின்று காட்ட வேண்டும். அதற்கு முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரி விவசாயம் பண்ணும் ஒரு சம்சாரி எங்களுக்கு இரண்டு சென்ட் நிலம் விட்டுக்கொடுத்திருந்தார். பெயர் முனியசாமி. புரட்டாசியில் விதைப்பார், மார்கழி தையில் அறுப்பார். வருடத்துக்கு ஒரு ரகம், ஒரு பொட்டலம். அதுதான் ஒப்பந்தம்.

முதல் வருடம் நாங்கள் அனுப்பியது பதராகப் போயிற்று. இரண்டாம் வருடமும் அதே கதை. கொட்டகையில் முதல் மார்க் வாங்கிய ரகங்கள்தான் இரண்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்றாம் வருடம் மாசி மாதத்தில் போன் பண்ணினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இந்தா பாருங்க மேடம், ரெண்டு சென்ட் எனக்குப் பெருசில்ல. ஆனா பக்கத்துக் காட்டுக்காரன்லாம் சிரிக்கிறான். பம்பாய் நெல்லு, பம்பாய் நெல்லுன்னு பட்டப்பேரே வச்சுட்டான். மழை ஏமாத்துனா யாரப் போயி நாங்க கேக்க முடியும்? வெத ஏமாத்துனா ஒங்களத்தான் கேப்பேன். இன்னும் ஒரே ஒரு தடவ அனுப்புங்க. அதோட சரி.”

இன்னும் ஒரே தடவை, ஒரே பொட்டலம். பதினான்கில் எதை அதில் போடுவது என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் தொண்டையில் முள்ளாக நின்ற விஷயம். அதனால்தான் திலக் நகரைப் பார்த்ததும் அப்படிக் கத்தினேன்.

ஒரு மத்தியானம்

சாவந்த் சார் நான் காட்டிய போட்டோவைப் பார்த்தார். “நல்ல வெளிச்சத்தில் ஒன்று எடு. நடுப்பகலில். ரிப்போர்ட்டில் போட வேண்டும்” என்றார்.

மறுநாள் மாட்டுங்காவிலிருந்து மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். போட்டோவும் ஆகும், ஜெபமணி அக்காவோடு கொண்டாடியதாகவும் ஆகும். பன்னிரண்டரை மணி இருக்கும். கொட்டகைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. கண்ணாடி வியர்த்துப் போய் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

ஜெபமணி அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்த டப்பா பக்கத்தில் இருந்தது. கையில் அவருடைய தண்ணீர் பாட்டில். லேபிள் கிழிந்த பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்தான். அதில் பாதி குடித்திருந்தார். மீதிப் பாதியைத் திலக் நகர் தொட்டியில், ஒவ்வொரு தூராகப் பார்த்துப் பார்த்து, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மைசூர்பாகுப் பெட்டி என் கையை விட்டு விழுந்தது.

“அக்கா! என்ன பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார். பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும், வெளியே எடுத்துவிட்டார்.

“எத்தனை நாளா ஊத்தறீங்க?”

“நீங்க தண்ணிய நிறுத்துன நாலாம் நாள்ல இருந்து.”

“தினமுமா?”

“தெனமும் இல்லாம? நமக்கு மட்டும் தெனமும் தவிக்கலையா?”

நான் என்ன பேசினேன் என்று முழுதாக எழுத இப்போது மனசு வரவில்லை. மூன்று வருடம், முனியசாமி அண்ணன், கடைசிப் பொட்டலம், எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டீர்கள் என்று கண்டபடி கத்தினேன். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். ஜெபமணி அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தாராவியில் அவர் வீட்டுக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதில் பிடித்துக்கொண்டு வரும் ஒரு பாட்டிலில் பாதியைத்தான் இத்தனை நாளும் தொட்டிக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் நிமிர்ந்தார்.

“நான் செஞ்சது தப்புதான் டீச்சர். சாருட்ட சொல்லி என்னைய நிப்பாட்டிருங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். நீங்க ஒரு நாளாவது மத்தியானம் இங்க வந்து பாத்திருக்கியளா?”

நான் கீழே விழுந்த மைசூர்பாகுப் பெட்டியை எடுத்தேன்.

“காலையில ஒம்பதர மணிக்கு வாரிய, பாக்கிய, எழுதுதிய, போயிருதிய. காலையில எல்லாப் பயிரும் நல்லாத்தான் நிக்கும். ராத்திரி குளிர்ந்துருதுல்லா. மத்தியானம் இருந்து பாக்கணும். எல, பாயைச் சுருட்டுன மாரி சுருண்டு ஊசியாப் போயிரும். அந்தானைக்கு நின்னு தவிக்கும். அத எதுத்தாப்புல வச்சிக்கிட்டு எப்படிச் சோறு எறங்கும்?”

பன்னிரண்டரை என்று எழுதிய கை

இந்த இடத்தில் ஒரு உண்மையை எழுதியாக வேண்டும். இன்னும் எத்தனையோ வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பேன். அன்றைக்கே சொல்லும்படி ஆகிவிட்டது.

வறட்சியில் நெல், இலையைச் சுருட்டிக்கொள்ளும். எவ்வளவு சீக்கிரம் சுருட்டுகிறது, எவ்வளவு இறுக்கமாகச் சுருட்டுகிறது என்று பார்த்து மார்க் போடுவோம். அதை நடுப்பகலில்தான் பார்க்க வேண்டும். முதல் பாடமே அதுதான். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நடுப்பகலில் அந்தக் கொட்டகைக்குள் நின்றால் தலை சுற்றும். அதே நேரத்தில் ஏ.சி. அறையில் எல்லாரும் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் வருடம் ஒரு நாள் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு அதுவே பழக்கமாயிற்று. நோட்டில் நேரம் என்ற கட்டத்தில் மட்டும் தவறாமல் பன்னிரண்டரை என்று எழுதினேன். மூன்று வருடமும்.

முனியசாமி அண்ணன் நிலத்தில் இரண்டு வருடம் பதர் விளைந்ததற்குக் காரணம் மழை இல்லை. விதையும் இல்லை. காலை ஒன்பதரை மணிக்கு எல்லாப் பயிரும் நல்ல பயிர்தான். கண்ணுக்கு அழகாக இருந்ததற்கு நான் மார்க் போட்டிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஜெபமணி அக்கா மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

குடித்து முடித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. “அக்கா, பதினாலு தொட்டி இருக்கு. திலக் நகருக்கு மட்டும் ஏன் ஊத்தினீங்க?”

“மொதல்ல சுருண்டது அதுதான டீச்சர். நாலாம் நாளே சுருண்டுட்டு. சவலைப் பிள்ளை. இருக்கது அரைப் பாட்டிலு, எல்லாத்துக்கும் எங்க போக?”

முதலில் சுருண்டது! நான் முதல் மார்க் கொடுத்த ரகம் பதினான்கிலும் சோப்ளாங்கி. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து நின்றேன்.

“அதுக்கப்புறம் எது?”

“அதுக்கு அடுத்த நாளு கோவண்டி. பொறவு மஸ்ஜித்தும் வடாலாவும் ஒண்ணுபோல. பொறவு குர்லா. ரே ரோடு பத்து நாள் தாங்கிச்சு...” ரயிலில் அறிவிக்கிற குரல் மாதிரி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் நோட்டைத் திறந்து கிறுக்கினேன். மூன்று வருடமாக நான் எடுத்திருக்க வேண்டிய கணக்கு, ஒரு நாள்கூட விடாமல், அவர் மனசில் இருந்தது. எது எப்போது தவித்தது என்று ஒரு ஆள் சோற்றில் கை வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைவிடச் சரியாக யாராலும் மார்க் போட முடியாது.

பதிமூன்று பெயர் ஆயிற்று. “ஒண்ணு விட்டுப்போச்சு அக்கா. காட்டன் கிரீன்?”

“அதுவா? அது சுருளவே இல்லையே.”

“என்னது?”

“அதுக்கு ஊத்தணும்னு ஒரு நாளும் தோணலை டீச்சர். அது கேக்கலையே.”

கதவிலிருந்து ஐந்தாவது தொட்டிக்கு ஓடினேன். மணி பன்னிரண்டே முக்கால். சுற்றிலும் பன்னிரண்டு தொட்டிகளில் இலை இருந்த இடத்தில் ஊசிதான் இருந்தது. காட்டன் கிரீன் அழகி இல்லை. குட்டையாக, கீழ் இலையெல்லாம் காய்ந்து, மங்கிய நிறத்தில் நின்றது. காலையில் எத்தனையோ தடவை கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் மேல் இலைகள் மூன்றும் அந்த அனலில் உள்ளங்கை மாதிரி விரிந்திருந்தன. கதிரைக் கையில் ஏந்தினேன். கனத்தது. ஒரு மணியைப் பிதுக்கினேன். பால் வந்தது.

இரண்டாவது தடவையாகப் புறாக்கள் பறந்தன. இந்தத் தடவை கத்தியது நான் மட்டும் இல்லை. ஜெபமணி அக்காவும்தான்.

உப்புத் தண்ணீர்

சாவந்த் சாரிடம் இரண்டு தப்பையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றிய தப்பை முதலில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் ஒரு எண்ணம் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் நோட்டைத்தான் முதலில் திறந்து வைத்தேன்.

அவர் நேரக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வரை இழுத்தார். “யே டைம் கிஸ்னே லிகா?” யார் எழுதியது இது?

“மைனே.” நான்தான்.

நோட்டை மூடினார். பிறகு, நாளையிலிருந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு கொட்டகையில்தான் என்றார். அந்த அம்மாள் சொன்ன வரிசையை இன்றைய தேதி போட்டு, யார் சொன்னது என்று பெயர் போட்டு எழுது என்றார். என்னையும் நிறுத்தவில்லை, ஜெபமணி அக்காவையும் நிறுத்தவில்லை. மறுநாள் பன்னிரண்டரைக்குத் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவரே வந்து கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். வியர்த்து ஊற்ற ஊற்ற பாக்ரி ரொட்டியும் பூண்டுச் சட்னியும் சாப்பிட்டுக்கொண்டு காட்டன் கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஊற்றுவதை நிறுத்திய மூன்றாம் நாள் திலக் நகர் சாய்ந்தது. ஜெபமணி அக்கா அரைப் பாட்டிலோடு அதன் பக்கத்தில் நிற்பார். நிற்பார், வந்துவிடுவார். அந்தப் பாதியைக் குடிக்கவும் மாட்டார். சாயங்காலம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்.

மே மாதம் அறுத்தோம். சாவந்த் சார் தன் சாப்பாட்டு டப்பா இரண்டையும் கழுவி மேஜையில் வைத்தார். இரண்டிலும் உப்புத் தண்ணீர். பால் பிடித்து முற்றிய நெல் அடியில் போகும், பதர் மிதக்கும். முதல் டப்பாவில் திலக் நகர் நெல்லைக் கைப்பிடி போட்டார். அரைப் பாட்டில் தண்ணீரை அத்தனை நாள் குடித்த நெல், முக்கால்வாசி மேலே வந்து மிதந்தது. பசுமையெல்லாம் இலையோடு சரி.

இரண்டாவது டப்பாவில் காட்டன் கிரீன். நாங்கள் மூன்று பேரும் தலை முட்ட முட்டக் குனிந்து நின்றோம். போட்டார். நெல் மொத்தமாக, சத்தமே இல்லாமல், அடியில் போய் உட்கார்ந்தது. மேலே நாலைந்து மணிதான் சுற்றியது.

“பைட் கயா!” என்றார் சாவந்த் சார். உட்கார்ந்துவிட்டது! அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் முனியசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் இரண்டு வருடமும் பதரானது என் தப்பு என்று சொன்னேன். பன்னிரண்டரைக் கதையையும் சொன்னேன்.

“சரி” என்றார். “இந்தத் தடவ யாரு பாத்தா?”

“ஜெபமணின்னு ஒருத்தங்க. இங்க கொட்டகையில வேலை பார்க்கறவங்க.”

“எப்பப் பாத்தாக?”

“மத்தியானத்துல.”

“மத்தியானத்துலயா? அப்பச் சரி. அனுப்புங்க.”

அந்த வருட மார்கழி

புரட்டாசியில் விதைத்தார். ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. கார்த்திகை பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். தினமும் காலையில் எழுந்ததும் முதுகுளத்தூரில் மேகம் இருக்கிறதா என்று போனில் பார்ப்பேன். வானம் துடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். மார்கழி பிறந்தது. அண்ணனிடமிருந்து போன் இல்லை. நான் போன் பண்ணப் பயந்தேன்.

ஒரு நாள், பன்னிரண்டரை தாண்டி, கொட்டகையில் ஜெபமணி அக்காவும் நானும் டப்பாவை மூடுகிற நேரம். போன் அடித்தது. வீடியோ கால். திரையில் முதலில் ஒரு தலைப்பாகையும் பாதி முகமும் வெயிலும்தான் தெரிந்தன.

“மேடம்! தெரியுதா? இருங்க, திருப்புறேன்!”

போன் திரும்பியது. வயலெங்கும் ஊசி ஊசியாக, சுருண்ட நெல். பக்கத்துக் காடும் அப்படியே. அதற்கு நடுவில் இரண்டு சென்ட். குட்டையாக, மங்கலாக, கொஞ்சமும் அழகில்லாமல், இலை விரித்துக் கதிர் கவிழ்ந்து நின்றது காட்டன் கிரீன்.

“காலையில வந்து பாக்கல மேடம்! மத்தியானம்! உச்சி வெயில்ல நிக்கிறேன்! சுருளல!” என்று அவர் கத்தினார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜெபமணி அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்புட்டுத் தூரத்துல நிக்கே டீச்சர். யாரு தண்ணி ஊத்துனா?”

“யாரும் ஊத்தலை அக்கா.”

“ஒருத்தருமா?”

“ஒருத்தரும்.”

போனை என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்தார். வழக்கம்போல அதில் பாதித் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தார்.